பாவுக்குக் கீழே போன பள்ளிக்கூடம்

ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் பிறந்த அமலோற்பவத்துக்கு இரண்டு விஷயங்கள் அளவுக்கு மீறி வாய்த்திருந்தன. ஒன்று குரல், இன்னொன்று சிரிப்பு. ஏரிக்கரையில் நின்று அவர் தம்பியைக் கூப்பிட்டால் மறுகரையில் மேய்கிற மாடெல்லாம் நிமிர்ந்து பார்க்கும் என்று அவருடைய அம்மா சூசைமேரி சொல்வார். சிரிப்பைப் பற்றி அம்மா வெளியே சொல்வதில்லை. அது வரக்கூடாத இடமாகப் பார்த்து வரும். பூசை நடுவில் பங்குச் சாமியார் தும்மினால் வரும். துக்க வீட்டில் யாருடைய செருப்பையாவது யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தால் வரும். வந்தால் அடங்காது. எழுந்து வெளியே ஓடித்தான் சமாளிக்க வேண்டும்.

குரல்தான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. 1973-ல் ஆரணியில் ஆற்றங்கரை நகராட்சி உயர்நிலைப் பள்ளிக்கு டிரில் டீச்சர் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். மதராஸில் உடற்பயிற்சிப் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்த அமலோற்பவம், மெலிந்த உடம்பும் ஒற்றைச் சடையுமாகப் போய் நின்றார். தலைமை ஆசிரியர் பரசுராமனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஏம்மா, பசங்க எல்லாம் கத்திகினு ஓடிகினு இருப்பானுங்க. எப்பிடி அடக்குவே?"

"இப்பிடிங்க சார்" என்று சொல்லிவிட்டு அமலோற்பவம், "அட்டேன்ஷன்" என்று ஒரு குரல் கொடுத்தார்.

குமாஸ்தாவின் மைக்கூடு கவிழ்ந்தது. கூரையிலிருந்த குருவிகள் மொத்தமாகக் கிளம்பி வெளியேறின. பக்கத்து அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றார்கள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தார், பயனில்லை. பரசுராமன் சற்று நேரம் முறைத்தார். பிறகு அவரும் ஜன்னலைப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கே வந்து சேந்துடும்மா" என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்போது ஐந்து வயதுகூட ஆகவில்லை. மூடிப்போன இன்னொரு அரிசி மில்லின் கிடங்கில்தான் வகுப்புகள் நடந்தன. எவ்வளவு கூட்டினாலும் எங்கிருந்தாவது தவிடு உதிர்ந்துகொண்டே இருக்கும். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையின் தலையில் பொடிப்பொடியாக இறங்கும். ஊரிலிருந்த மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதைத் 'தவிட்டு ஸ்கூல்' என்றுதான் சொல்வார்கள். பரசுராமனுக்கு அந்தப் பேரைக் கேட்டால் காது சிவந்துவிடும். நெசவாளர் வீட்டுப் பிள்ளை அவர். தறியில் உட்காராமல் புத்தகத்தோடு உட்கார்ந்தவர் என்று அந்தக் காலத்தில் தெருவில் வேடிக்கையாகப் பார்க்கப்பட்டவர். இந்தப் பள்ளிக்கூடத்தை எப்படியாவது பெரிய இடத்தில் தூக்கி வைத்துவிட வேண்டும் என்கிற ஆசை அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

அந்த ஆசைக்கு ஒரு நாள் சூடு பட்டது. வேலூரில் தலைமை ஆசிரியர்கள் கூட்டம் நடந்தது. மதிய சாப்பாட்டின்போது ஒவ்வொருவராகத் தங்கள் பள்ளியின் பெருமையைப் பேசினார்கள். ஒருவர் தங்கள் பள்ளியின் கோபுர மணி நூறு வருஷமாக ஒரு நாளும் தவறாமல் அடிப்பதாகச் சொன்னார். இன்னொருவர், புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் பழைய ஆலமரத்தைச் சுற்றி வந்துதான் வகுப்புக்குள் நுழைவார்கள் என்றார். "உங்க ஸ்கூல்ல என்ன மரபுங்க?" என்று பரசுராமனைக் கேட்டார்கள். அவர் வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்குவதற்குள் வேறெதுவும் தோன்றாமல், "எங்க ஸ்கூல்ல குருவி நெறைய இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது.

மறுநாள் காலையில் ஆசிரியர்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த மாசம் நம்ம விளையாட்டு விழாவுக்கு வேலூர்லருந்து கல்வி அதிகாரி வராரு. அதுக்குள்ள நமக்கு ஒரு மரபு வேணும்."

தமிழாசிரியர் தணிகாசலம் மெதுவாக, "சார், மரபுன்றது பல தலைமுறையா வர்றது" என்றார்.

"அதுக்கெல்லாம் டைம் இல்லீங்க" என்றார் பரசுராமன்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் மரபுக் காய்ச்சலில் விழுந்தது. தணிகாசலம் பள்ளிக்கென்று ஒரு வாழ்த்துப் பாட்டு எழுதினார். எழுத உட்கார்ந்தவருக்கு எழுச்சி வந்து பாட்டு வளர்ந்துகொண்டே போனது. காலைக் கூட்டத்தில் பாடிப் பார்த்தபோது, கமண்டல நாகநதியின் பெருமையைத் தாண்டிப் பட்டின் பெருமைக்கு வருவதற்குள் முதல் மணி அடித்து இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. விஞ்ஞான வாத்தியார் வகுப்புக்கு ஒரு மரக்கன்று நடச் சொன்னார். நட்ட அன்று சாயங்காலமே மில்காரர் வீட்டு ஆடுகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, மறுநாளும் நடுவார்களோ என்று வந்து நின்றன.

அமலோற்பவம் டீச்சர் தன் பங்குக்கு ஊர்வல அணிவகுப்பு ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய தறித்தெரு வழியாகக் கோட்டை மைதானம் வரைக்கும் பிள்ளைகள் வரிசையாக, கை வீசி, கால் ஒத்து நடந்து போக வேண்டும். அதற்காக நான்கு அணிகள் பிரித்து முதல் அணிக்கு 'ரெட் ஹவுஸ்' என்று பேர் வைத்தார். உடனே ஒரு பெண் எழுந்து, "எந்த சிவப்பு டீச்சர்?" என்று கேட்டாள். சாயம் போடுகிற வீட்டுப் பெண். சிவப்பு என்று மொட்டையாகச் சொன்னால் அந்த ஊரில் யாருக்கும் எதுவும் புரியாது என்பதை டீச்சர் அப்போதுதான் தெரிந்துகொண்டார். பிள்ளைகளே பேர் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, மாம்பழம் என்று வைத்துக்கொண்டார்கள். அரக்கு அணிக்கும் மயில்கழுத்து அணிக்கும் அன்றைக்கே சண்டை தொடங்கிவிட்டது, ஒரே சேலையில் சேர்ந்தால் எடுப்பான ஜோடி என்று வீட்டில் பெரியவர்கள் சொன்ன பிறகும் நிற்கவில்லை.

அணிவகுப்புக்கு வாத்தியம் வேண்டுமே. சேத்துப்பட்டு மாதா கோயில் பேண்டு செட்டிலிருந்து பெரிய டிரம்மை இரவல் கேட்டு எழுதினார் டீச்சர். டிரம்மைத் தனியாக அனுப்ப மாட்டோம், அடிக்கிற ஆளோடுதான் அனுப்புவோம் என்று பதில் வந்தது. அடிக்கிற ஆள் இருதயசாமி. சேத்துப்பட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், உருண்டு திரண்ட உடம்பு, யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆசாமி. விழாவுக்கு முதல் நாள் பஸ் கூரையில் டிரம்மையும் பஸ்ஸுக்குள் தன்னையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"இங்கிருந்து மைதானம் போய்ச் சேர்ற வரைக்கும் அடி நிக்கக்கூடாது. அடி நின்னா பசங்க கால் குழம்பிடும்" என்றார் டீச்சர்.

"நிக்காது" என்றார் இருதயசாமி.

விழா நாளன்று காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. கல்வி அதிகாரி குண்டான, நல்ல மனுஷர். ஜீப்பில் வரச் சொன்னதற்கு, "பிள்ளைகளோட நானும் நடந்தே வரேன்" என்று முன்னால் நின்றுகொண்டார். அவருக்கு இடது பக்கம் பரசுராமன், புது அங்கவஸ்திரத்தோடு. பின்னால் நான்கு அணிகள். கடைசியில் இருதயசாமி. டம், டம் என்று டிரம் முழங்க, பெரிய தறித்தெருவுக்குள் பள்ளிக்கூடம் நுழைந்தது. வீடுகளில் தறிச் சத்தம் நின்று ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

தெருக்கோடியில் பாவு விரிந்திருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து வெயிலில் காய வைப்பார்கள். அதுதான் பாவு. இடுப்பு உயரத்தில், தெருவை மறித்து ஒரு பாலத்தைப் போல, அந்தக் காலை வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. விழா அன்று தெருவில் பாவு போடக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் முந்தின சில நாட்களாகத் தூறல் விட்டபாடில்லை. அன்றைக்குத்தான் வானம் தெளிந்திருந்ததைக் கண்ட வீரபாகு என்கிற நெசவாளர், இதற்கு மேல் பொறுத்தால் பட்டு கெட்டுவிடும் என்று விடியும் முன்பே விரித்துவிட்டார். கோட்டை மைதானத்துக்குப் போகிற சந்து அந்தப் பாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வீரபாகு கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். "நில்லுங்க, நில்லுங்க. யாரும் கைய வெச்சுடாதீங்க. கஞ்சி ஈரமாகீது."

"எவ்ளோ நேரத்துல காயும்?" என்றார் பரசுராமன், உதட்டை அசைக்காமல்.

"இப்பத்தான் தெளிச்சேன். ஒரு மணி நேரம் ஆவும்."

முன்னால் இருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாது. டிரம் அடித்துக்கொண்டே இருந்தது, கால்கள் வந்துகொண்டே இருந்தன. மாம்பழம் கிளிப்பச்சையை முட்டியது. கிளிப்பச்சை மயில்கழுத்தை முட்டியது. இன்னும் கொஞ்சம் விட்டால் கல்வி அதிகாரியே பாவுக்குள் போய் விழுந்திருப்பார். திருப்பிக் கொண்டுபோகலாம் என்றால் தெருவில் இடமில்லை. அமலோற்பவம் டீச்சர் வரிசையின் பக்கவாட்டில் ஓடி வந்தார். பாவைப் பார்த்தார், அதற்குக் கீழே இருந்த இடைவெளியைப் பார்த்தார். எந்த டிரில் புத்தகத்திலும் இல்லாத ஓர் ஆணையைக் கொடுத்தார்.

"ஸ்கூல்... குனி. முன்னே நட."

அந்தக் குரலுக்குக் குனியாமல் இருக்க முடியாது. கல்வி அதிகாரி குனிந்தார். பரசுராமன் அங்கவஸ்திரத்தைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு குனிந்தார். இருவரும் கைகளால் முழங்காலைப் பிடித்தபடி, வாத்து நடையில், பட்டுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போனார்கள். பின்னாலேயே பள்ளிக்கூடம் மொத்தமும் போனது. தலைக்கு மேலே பட்டு, அதன் வழியாகச் சலித்து விழுகிற வெயில். ஓர் இழைகூட அறுந்துவிடக்கூடாது என்று வீரபாகுவின் மனைவி பொன்னம்மாள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாக, "இன்னும் குனி கண்ணு, இன்னும் குனி" என்று அழுத்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மறுபக்கம் எழுந்த கல்வி அதிகாரி, முகமெல்லாம் பூரித்துப்போய், "இது என்னங்க? இப்படி ஒண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லையே" என்றார்.

பரசுராமன் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி அது. இந்த முறை வாயில் சோறும் இல்லை.

"இது எங்க பள்ளிக்கூடத்து மரபுங்க ஐயா. ஊருக்குச் சோறு போடுற பாவுக்குத் தலை வணங்கிட்டுத்தான் எங்க பிள்ளைங்க மைதானத்துல கால் வெப்பாங்க."

பின்னால் நின்ற தணிகாசலத்துக்கு இருமல் வந்துவிட்டது.

அதற்குள் கடைசி வரிசையும் கடந்து, இருதயசாமி மட்டும் அந்தப் பக்கம் மிச்சம். டிரம்மை மார்பில் மாட்டிக்கொண்டு எப்படிக் குனிந்தாலும் நுழைய முடியவில்லை. டிரம்மை மாட்டிய தோள்வாரின் வார்ப்பூட்டும் கழலவில்லை. அவர் சற்று யோசித்தார். பிறகு தெருவில் மல்லாந்து படுத்துக்கொண்டார். டிரம்மை வயிற்றின்மேல் கிடத்தி, குதிகாலால் தரையை உந்தி உந்தி, முதுகாலேயே நகர்ந்து பாவுக்கு அடியில் வந்தார். அடி நிற்கக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தாரே, ஆகவே நகர்ந்துகொண்டே அடித்தார். ஓர் உந்து, ஒரு டம். ஓர் உந்து, ஒரு டம். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அமலோற்பவம் டீச்சர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முந்தானையை எடுத்து முகத்தை மூடினார். தோள்கள் குலுங்கின, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அன்று மைதானத்தில் பேசிய கல்வி அதிகாரி, "இந்த மரபின் மேன்மையை நினைத்து உங்கள் உடற்பயிற்சி ஆசிரியை சுவரில் சாய்ந்து கண்ணீர் விட்டதை நானே என் கண்ணால் பார்த்தேன்" என்று தழுதழுத்தார். அதைக் கேட்ட டீச்சர் மேடைக்குப் பின்னால் ஓடிப் போய்த் தண்ணீர்ப் பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருஷம்தான் பேஜார் தொடங்கியது. அந்த மரபைக் காட்டுவதற்காக இன்னும் சில அதிகாரிகளை அழைத்து வருவதாகக் கல்வி அதிகாரி சொல்லியனுப்பிவிட்டார். பெரிய தறித்தெருவிலோ பாவு எதுவும் அந்த வாரத்தில் விரிகிற நிலையில் இல்லை, எல்லார் பாவும் தறியில் ஏறிக் கிடந்தது. பரசுராமனும் டீச்சரும் வீரபாகு வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

பொன்னம்மாள் கேட்டாள். "பாவுன்னா இன்னா சார், பந்தல் துணியா? கேட்டப்போ எடுத்துக் கட்ட?"

"ஊருக்குப் பெருமைம்மா" என்றார் பரசுராமன்.

"பெருமை உங்களுது. வேலை எங்குளுது."

வீரபாகு நடுவில் புகுந்து, அடுத்த பாவை அந்த நாளுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றார். பொன்னம்மாள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். விடியற்காலையில் வாத்தியார்கள் எல்லோரும் வந்து பாவை இழுத்துக் கட்ட வேண்டும். வருஷா வருஷம் வர வேண்டும்.

வந்தார்கள். பரசுராமன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்ற தைரியத்தில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். பிடித்த பிடியைப் பார்த்த வீரபாகு, "நீங்க படிச்சதே நல்லதாப் போச்சு சார்" என்று முனையை மரியாதையாக வாங்கிக்கொண்டார். தணிகாசலம் கஞ்சிச் சட்டியில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். அவருடைய வேட்டி வெயில் ஏற ஏற விறைத்து, மைதானத்தில் அவர் உட்காரும்போது மொடமொடவென்று சத்தம் போட்டது. அதன் பிறகு விளையாட்டு விழா என்றால் வாத்தியார்கள் பாவு கட்டுவதைப் பார்க்கவே விடியலில் தெரு கூடிவிடும். யார் வீட்டுப் பாவு என்று வீடுகளுக்குள் போட்டி வந்தது. போன வருஷம் அவுங்குளுது, இந்த வருஷம் எங்குளுது என்று பஞ்சாயத்து வைக்கிற அளவுக்குப் போனது.

இருதயசாமியும் வருஷா வருஷம் வந்தார். வார்ப்பூட்டைச் சரிபண்ணிக்கொண்டு வந்தால் டிரம்மைக் கழற்றித் தரையில் உருட்டியே கொண்டு போகலாம். சைக்கிள் கடைக்காரருக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் அவர் செய்யவில்லை. ஒவ்வொரு வருஷமும் படுத்தே போனார். மூன்றாவது வருஷம் விழா முடிந்து பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப வந்த டீச்சர் அதைக் கேட்டுவிட்டார்.

"பூட்டை மாத்தக் கூடாதாங்க? முதுகு தேஞ்சு போவுதே."

"மாத்தலாம்" என்றார் இருதயசாமி. டிரம் வாரை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். "மாத்திட்டா நீங்க சிரிக்க மாட்டீங்களே."

கண்டக்டர் விசில் அடித்தார். டீச்சருக்கு அதுவரை வந்த சிரிப்பெல்லாம் போய், வேறு என்னவோ ஒன்று வந்தது. "சேத்துப்பட்டு போனதும் எங்க அம்மாவப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

1977 வைகாசியில் சேத்துப்பட்டு மாதா கோயிலில் இருவருக்கும் கல்யாணம். பள்ளிக்கூடமே பஸ் பிடித்து வந்துவிட்டது. தாலி கட்டி, பூசை முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்தால், படியில் அரக்கு அணியும் மயில்கழுத்து அணியும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று ஒரு புதுப் பட்டுச் சேலையை இடுப்பு உயரத்தில் நீளமாக விரித்துப் பிடித்திருந்தார்கள். பரசுராமன் முன்னால் நின்று, தன்னால் முடிந்த உரத்த குரலில், "ஸ்கூல்... குனி" என்றார். பங்குச் சாமியார் உட்பட கோயில் வாசலில் இருந்த எல்லோரும் குனிந்தே வெளியே வந்தார்கள். சேலை தறித்தெருக்காரர்கள் கொடுத்த சீர். இருதயசாமி சைக்கிள் கடையை ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டார்.

வருஷங்கள் போகப் போக அந்தக் குனிதலுக்குக் கதைகள் சேர்ந்தன. ஆற்காட்டு நவாபின் யானையே பாவைக் கண்டு மண்டியிட்டுப் போனதாக ஒரு வீட்டில் சொன்னார்கள். குனியும்போது பட்டு தலையில் படாமல் போனால் அந்த வருஷம் கணக்கில் பாஸ் என்று பிள்ளைகள் நம்பினார்கள். ஆண்டு மலரில் தணிகாசலம் ஒரு கட்டுரை எழுதினார். இந்த வழக்கம் பல நூறு ஆண்டுகளாக இம்மண்ணில் வேரூன்றியது என்று தொடங்கியது அது.

டீச்சர் அவரைத் தாழ்வாரத்தில் மடக்கினார். "ஐயா, அன்னைக்கி நீங்களும் தான இருந்தீங்க?"

"இருந்தேம்மா" என்றார் தணிகாசலம். "ஆனா எழுத உக்காந்ததும் அது பழசாயிடுச்சு."

பரசுராமன் ஓய்வு பெற்றுப் போன பிறகு, 1985-ல் வேலூரிலிருந்து பவுல்துரை என்பவர் தலைமை ஆசிரியராக வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். நேராக நடப்பார், நேராக உட்காருவார், சிரித்து யாரும் பார்த்ததில்லை. நல்ல நிர்வாகி. கிடங்குக் கூரையை ஒழுகாமல் செய்தார், தவிட்டைக்கூட நிறுத்திவிட்டார். ஆனால் விளையாட்டு விழா நெருங்கியபோது, இனி அணிவகுப்பு மெயின் ரோடு வழியாகப் போகும், யாரும் எதற்கும் குனியத் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்.

தறித்தெரு கொதித்தது. பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் வராத வீட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, வகுப்பறை கொள்ளாமல் ஜன்னலில் தொங்கினார்கள்.

"இது மரபு மரபுன்னு சொல்றீங்க. ஸ்கூல் ஆரம்பிச்சே இருபது வருஷம் ஆகலை" என்றார் பவுல்துரை. "யார் ஆரம்பிச்சது இதை? எப்போ? அமலோற்பவம் டீச்சர், நீங்க ரொம்ப வருஷமா இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க."

டீச்சர் எழுந்தார். கேட்ட பிறகு பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. தூறலையும், காயாத கஞ்சியையும், முட்டிக்கொண்டு வந்த வரிசைகளையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "வேற வழி இல்லாம நான்தாங்க குனின்னு சொன்னேன். அவ்ளோதான். மரபெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முடித்தார்.

பொன்னம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"டீச்சர் தங்கமானவங்க. பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா வெளியூருங்க. சேத்துப்பட்டுலருந்து வந்தவங்களுக்கு எங்க ஊர்ப் பழக்கம் இன்னா தெரியும்?"

"ஆமா, ஆமா" என்றது கூட்டம்.

டீச்சர் திகைத்துப்போய் வீரபாகுவைப் பார்த்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. அன்னைக்கு உங்க பாவுதான அது?"

வீரபாகு துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தார். "பாவு என்னுதுதாம்மா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பழக்கம் எங்க தாத்தா காலத்துது. அன்னைக்கி உங்க வாய்ல அப்பிடி வந்துச்சு பாருங்க, குனின்னு. அது தானா வருமா?"

அவ்வளவுதான். டீச்சருக்கு வந்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதற்கென்று தெரியாமலே பொன்னம்மாள் சிரித்தாள், ஜன்னலில் தொங்கியவர்கள் சிரித்தார்கள். தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பவுல்துரை மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மெயின் ரோடு யோசனை அன்றோடு போயிற்று.

கூட்டம் கலைந்ததும் அவர் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார். கோபமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று டீச்சர் நினைத்தார். அவரோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, "எனக்கு இடுப்புப் பிடிப்பும்மா" என்றார்.

"என்னங்க சார்?"

"குனிஞ்சா நிமிர முடியாது. போன வருஷம் பேனா விழுந்துதுன்னு குனிஞ்சேன். ரெண்டு பேர் வந்து தூக்கினாங்க. ஊரே கூடி நிக்கிற இடத்துல, கீழ போனவன் அப்பிடியே கெடந்தா..." நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "வெளியில சொல்லிடாதீங்க."

டீச்சர் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டார். இந்த இடத்தில் சிரித்தால் பாவம் என்று அவருக்கே தெரிந்தது. சற்று யோசித்துவிட்டு, "நீங்க குனிய வேணாம் சார். முன்னாடியே அந்தப் பக்கம் போயிடுங்க. நிமிர்ந்து வர பிள்ளைங்கள வரவேற்க யாராவது நிக்கணும் இல்ல? வெறுங்கையா நிக்காதீங்க, கையில எதாவது வெச்சுக்கோங்க" என்றார்.

விழா அன்று காலையில் பவுல்துரை யாருக்கும் முன்னால் கிளம்பி, சுற்றுவழியில் மைதானத்துச் சந்துக்கு வந்து, பாவுக்கு அந்தப் பக்கம் நெடுமரமாக நின்றார். கையில் ஒரு பெரிய தூக்கு. தூக்கு நிறையக் கமர்கட்டு. டிரம் முழங்கியது. பட்டுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு தலையாக எழும்ப எழும்ப, ஒவ்வொரு வாயிலும் ஒரு கமர்கட்டைப் போட்டார். முதலில் கடமை மாதிரிதான் போட்டார். ஆறாம் வகுப்புக் குட்டி ஒருத்தி நிமிராமல் குனிந்தபடியே வாயை மட்டும் திறந்துகொண்டு, குருவிக்குஞ்சு மாதிரி நேராக அவர் முழங்காலில் வந்து முட்டினாள். பவுல்துரையின் முகம் கோணியது. உதடு நடுங்கியது. பிறகு அந்த நெட்டை மனுஷர் தூக்கு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவருக்கு அப்படியொரு சிரிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

வாசலில் நின்றிருந்த புது மருமகள் ஒருத்தி, "இது இன்னா அத்தே, மிட்டாய் குடுக்கறாரு?" என்று பொன்னம்மாளைக் கேட்டாள்.

"இதுவும் பழசுதான்" என்றாள் பொன்னம்மாள். "நடுவுல கொஞ்ச வருசம் விட்டுட்டாங்க."

பக்கத்தில் நின்ற அமலோற்பவம் டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அவர் கையிலும் ஒரு கமர்கட்டு இருந்தது. அன்று நூறு மீட்டர் ஓட்டம் வெகு நேரம் தள்ளித்தான் தொடங்கியது. கோட்டில் நின்ற பிள்ளைகள் ஒருவர் வாயும் காலியாகவில்லை, கடித்துத் தீர்த்துவிட்டுத்தான் ஓடுவோம் என்று நான்கு அணியும் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.